லட்டு விழுந்த இடம்: 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' பற்றி ஒரு தாமதமான குறிப்பு

லட்டுத் தட்டு கீழே விழும் காட்சியில் அம்மா சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் அந்த இடத்தில் தொண்டை அடைத்திருக்கிறது.

போன சீசனில் பத்து நாள் லீவு போட்டுக் குத்துக்கல்வலசை வீட்டில் இருந்தேன். குற்றாலத்தில் நல்ல தண்ணீர் என்று ஊரே போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு முட்டு வலி, அருவிக்கு வரவில்லை. சரி, வீட்டில் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம் என்று லேப்டாப்பை டிவியில் மாட்டி 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' தமிழ்ப் பதிப்பைப் போட்டேன். வெளியே சாரல். அம்மா கையில் முறத்தோடு பயறு பார்த்துக்கொண்டே படம் பார்த்தாள்.

அம்மா ஏன் சிரித்தாள் என்பது கடைசியில். முதலில், பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முழுக்கவே சொல்லப்போகிறேன். பார்க்கும் எண்ணம் இருந்தால் பார்த்துவிட்டு வாங்க, நான் எங்கேயும் போகமாட்டேன்.

கதை

2012 அக்டோபர் 5-ல் இந்தி, தமிழ், தெலுங்கு மூன்றிலும் வந்த படம். கௌரி ஷிண்டேவுக்கு இயக்குநராக முதல் படம். ஸ்ரீதேவிக்கு 1997-ல் வந்த 'ஜுதாயி'க்குப் பிறகு 15 வருஷம் கழித்துப் பெரிய திரையில் நாயகி வேஷம். இசை அமித் திரிவேதி.

சசி புனேயில் இருக்கும் குடும்பத்தலைவி. வீட்டிலேயே லட்டு பிடித்து விற்கிறாள். புருஷன் சதீஷ் (அடில் ஹுசைன்), மகள் சப்னா, சின்னப் பையன் சாகர், மாமியார். சசிக்கு இங்கிலீஷ் வராது. மகளுக்கு அது வெட்கம், புருஷனுக்கு அது தமாஷ். நியூயார்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக் கல்யாண வேலைக்கு உதவ, குடும்பத்துக்கு முன்னாலேயே சசி தனியாகப் போகவேண்டி வருகிறது. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தைரியம் சொல்கிறார். இந்தியில் அமிதாப், தமிழில் அஜித். நியூயார்க்கில் ஒரு காபிக் கடையில் ஆர்டர் சொல்லத் தெரியாமல் அவமானப்பட்டு ஓடி வருகிறாள். அதன்பிறகு யாருக்கும் தெரியாமல், லட்டு விற்ற காசில், நான்கு வாரத்தில் இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் வகுப்பில் சேருகிறாள். பரீட்சை அன்றைக்கே கல்யாணம். பரீட்சைக்குப் போக முடியவில்லை. ஆனால் கல்யாண மேடையில் மணமக்களை வாழ்த்தி இங்கிலீஷில் பேசுகிறாள். புருஷனும் மகளும் தலைகுனிகிறார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த வாத்தியார் அதையே பரீட்சையாக எடுத்துக்கொண்டு சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்.

இப்படிச் சுருக்கினால் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் விளம்பரம் மாதிரி இருக்கும். படம் அப்படி இல்லை.

ஆள் நிறைந்த வீட்டில் தனிமை

படம் ஆரம்பிப்பது காலைக் காபியில். சசி காபி போட்டுக்கொண்டு பேப்பரோடு உட்காருகிறாள். நிம்மதியாக ஒரு வாய் குடிப்பதற்குள் வீடு கூப்பிடுகிறது, எழுந்து போகிறாள். எந்தச் சண்டையும் இல்லை, யாரும் கொடுமைக்காரர்களும் இல்லை. மாமியார்கூட நல்லவள். சதீஷ் குடிப்பவனோ அடிப்பவனோ கிடையாது. அதுதான் பிரச்சினையே. குறை சொல்ல ஆள் இல்லாத தனிமை அது.

இந்தத் தனிமைக்குக் காரணம் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் சசியைப் பற்றித் தெரிந்துகொள்வதை முடித்துவிட்டார்கள். நம்ம பாஷையில் சொன்னால், சசி என்கிற ஃபைலை க்ளோஸ் பண்ணிவிட்டார்கள். லட்டு நன்றாகச் செய்வாள், இங்கிலீஷ் தெரியாது. இந்த இரண்டு வரிக்கு மேல் மூன்றாவது வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

மகளின் பள்ளிக்கூடத்துக்குச் சசி போகும் காட்சியைக் கவனியுங்கள். இந்தி மூலத்தில் அங்கே பேசும் ஆசிரியர் ஒரு மலையாளி. சசி இந்தியில் பேசச் சொல்லிக் கேட்க, அவர் தன் இந்தி சுமார்தான் என்று சிரித்துக்கொண்டே பேசுகிறார். அவருக்கு இந்தி வராதது யாருக்கும் வெட்கமாகத் தெரியவில்லை. சசிக்கு இங்கிலீஷ் வராததற்கு மட்டும் மகள் கூனிக் குறுகுகிறாள். இங்கிருந்து செங்கோட்டை தாண்டினால் கேரளா. புளியரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரைகுறைத் தமிழிலும் அரைகுறை மலையாளத்திலும் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் நடக்கிறது. யாரும் யாரையும் கேலி செய்து பார்த்ததில்லை. எந்தப் பாஷை தெரியாது என்பதைப் பொறுத்துத்தான் வெட்கம் வருகிறது. அதை ஒரு வார்த்தை விளக்காமல் ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார் கௌரி ஷிண்டே.

வகுப்பறை

அந்த இங்கிலீஷ் வகுப்புதான் படத்தின் சந்தோஷமான இடம். மெக்சிகோவிலிருந்து வந்து பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஈவா, பாகிஸ்தான் டாக்சி டிரைவர் சல்மான் கான், முடி அலங்காரம் செய்யும் சீனப் பெண் யூ சோன், அதிகம் பேசாத உடும்ப்கே, பிரெஞ்சு சமையல்காரர் லோராந்த். அப்புறம் ராமமூர்த்தி. தமிழர், சாஃப்ட்வேர் இன்ஜினியர்.

முதல் தடவை பார்த்தபோது ராமமூர்த்தி வந்ததும் நெளிந்தேன். மேக்ரோ வேகத்தில் இங்கிலீஷை உருட்டும் தமிழ் இன்ஜினியரைக் கேலிக்கு வைத்திருக்கிறார்கள் என்று கோபம். வாராவாரம் கான்ஃபரன்ஸ் காலில் "கேன் யூ ரிப்பீட் தட்?" கேட்டு வாங்கியவன் நான், வலிக்கத்தானே செய்யும். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த அறையில் எல்லோருடைய இங்கிலீஷும் உடைந்துதான் இருக்கிறது. எல்லாம் உடைந்திருக்கும் இடத்தில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை, சேர்ந்துதான் சிரிக்கிறார்கள். வீட்டிலும் இதே ஜோக்குதான் ஓடுகிறது, சசியின் இங்கிலீஷ். ஆனால் வீட்டில் அது ஊசி, இங்கே மருந்து.

அங்கே சசி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். தட்டுத்தடுமாறி, லட்டு செய்து விற்கிறேன் என்கிறாள். வாத்தியார் டேவிட் அதற்கு ஒரு வார்த்தை சொல்லித்தருகிறார்: ஆன்ட்ரப்ரனர். தொழில்முனைவோர். சசி அந்த வார்த்தையை வாயில் போட்டு மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டே தெருவில் நடக்கிறாள்.

பின்னால் குடும்பம் நியூயார்க் வந்தபிறகு சதீஷ் ஒரு இடத்தில் பெருமையாகச் சொல்கிறான்: என் பெண்டாட்டி லட்டு செய்வதற்கென்றே பிறந்தவள். அவனைப் பொறுத்தவரை அது பாராட்டு. சசியின் முகம் மட்டும் மாறுகிறது.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் முழுப்படமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். லட்டு ஒன்றுதான், கை ஒன்றுதான். ஒருவர் அதைத் தொழில் என்கிறார், இன்னொருவர் பிறவிக்குணம் என்கிறார். தொழில் என்றால் அதில் திறமை உண்டு, கணக்கு உண்டு, நாளைக்கு விரியலாம், வேண்டாமென்றால் விடலாம். பிறவிக்குணம் என்றால் அதற்குச் சம்பளமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. கோழி முட்டை போட்டதற்கு யாராவது கைதட்டுவார்களா?

மூன்று பெண்கள், மூன்று பயணங்கள்

தனிமையில் இருக்கும் பெண் எதிர்பாராமல் ஊரைவிட்டுக் கிளம்புவது என்பது உலக சினிமாவில் ஒரு தனி வகை. என் நோட்டில் சசிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒருத்தி ரோசால்பா. சில்வியோ சோல்தினி இயக்கி 2000-ல் வந்த இத்தாலியப் படம் 'ரொட்டியும் டியூலிப் பூக்களும்'. பெஸ்காரா ஊர்க்காரி. குடும்பத்தோடு பஸ் டூர் போகும்போது நெடுஞ்சாலை ஓய்விடத்தில் அவளை விட்டுவிட்டு பஸ் போய்விடுகிறது. அவள் இல்லை என்பது வீட்டுக்காரர்களுக்கே தாமதமாகத்தான் தெரிகிறது. ஊருக்குத் திரும்பக் கிளம்பியவள் வழிமாறி வெனிஸ் போய்விடுகிறாள், பூக்கடையில் வேலைக்குச் சேர்கிறாள், சின்ன வயதில் பழகிய அக்கார்டியனை மறுபடி எடுக்கிறாள். புருஷனோ அவளைக் கண்டுபிடிக்க ஒரு பிளம்பரைத் துப்பறிய அனுப்புகிறான். வீட்டு வேலை செய்ய ஆள் இல்லை என்பதுதான் அவன் கவலை, வைத்திருக்கும் காதலியும் துணி தேய்க்க மாட்டேன் என்றுவிட்டாள். சிரித்து மாளாது.

இன்னொருத்தி ராணி. 2014-ல் வந்த 'குயின்'. விகாஸ் பால் இயக்கம், கங்கனா ரனாவத் நடிப்பு. கல்யாணத்துக்குச் சற்று முன்னால் மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்ல, தேனிலவுக்கு எடுத்த டிக்கெட்டில் டெல்லிப் பெண் தனியாகப் பாரிசுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகிறாள். ஆம்ஸ்டர்டாமில் கோல்கப்பா விற்றுக் காட்டுகிறாள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பயணம் இவர்களுக்குப் புதிதாகப் பெரிதாக எதையும் கற்றுத்தரவில்லை. லட்டு, கோல்கப்பா, அக்கார்டியன் எல்லாம் ஊரிலிருந்தே கூட வந்தவை. ஊரில் விலை இல்லாத கைவேலைக்கு வெளியூரில் விலை கிடைக்கிறது. தெரியாதவர்கள்தான் "நீ என்ன செய்வாய்?" என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் கேட்பதில்லை, அவர்களுக்குத்தான் தெரியுமே.

திரும்பி வருவதில்தான் மூவரும் வேறுபடுகிறார்கள். ரோசால்பா ஒரு தடவை வீடு திரும்பி, பிறகு வெனிசுக்கே போய்விடுகிறாள். ராணி திரும்பி வந்து நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடக்கிறாள். சசி மட்டும் அதே புருஷன், அதே பிள்ளைகளோடு அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். மூன்றில் இதுதான் கஷ்டமான முடிவு. விட்டுப் போவதைவிட, ஏற்கெனவே ஃபைலை மூடிய ஆட்களை மறுபடி திறக்கவைப்பது பெரிய வேலை.

லோராந்த்

லோராந்துக்குச் சசி மேல் ஆசை. சசி அதை ஏற்கவில்லை, ஆனால் அவனை ஒதுக்கவும் இல்லை. மகள் முறையான ராதா (பிரியா ஆனந்த்) கேட்கும்போது, எனக்கு வேண்டியது காதல் இல்லை, கொஞ்சம் மரியாதை என்ற பொருளில் சசி பதில் சொல்வது எல்லோரும் சொல்லும் காட்சி. எனக்குப் பிடித்தது வேறு. அவன் பிரெஞ்சில் பேசுகிறான், அவள் தன் பாஷையில் பேசுகிறாள். ஒருவருக்கும் மற்றவர் சொல்வது ஒரு எழுத்து புரியாது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. ஒரே பாஷை பேசும் வீட்டில் கேட்க ஆளில்லை, பாஷையே தெரியாதவன் உட்கார்ந்து கேட்கிறான். இங்கிலீஷ் கற்பதைப் பற்றிய படத்தில் மிக அழகான உரையாடலில் இங்கிலீஷே இல்லை.

என் சண்டை

இவ்வளவு சொல்லிவிட்டுக் குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்தக் கடைசிப் பேச்சுதான் குறை.

சசிக்கு மரியாதை எப்போது கிடைக்கிறது? எல்லோர் முன்னாலும் இங்கிலீஷில் பேசியபிறகு. அப்படியானால் சதீஷும் சப்னாவும் ஆரம்பத்திலிருந்து சொன்னது சரி என்றல்லவா ஆகிறது? நான்கு வாரத்தில் வராமல் போயிருந்தால்? வகுப்பில் உட்கார்ந்து ஒன்றுமே ஏறாத ஒரு சசியை யோசித்துப் பாருங்கள். அவளுக்கு மரியாதை கிடையாதா? ஆளுக்கு மரியாதை வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடிவிட்டு, கடைசியில் மார்க்கைக் காட்டி வாங்கிக்கொள்கிறது படம்.

இன்னொன்று. அந்தப் பேச்சில் குடும்பம் என்பது நம் குறையைப் பார்த்துச் சிரிக்காத இடம் என்கிறாள். அழகான பேச்சு. ஆனால் அது புதுப்பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்லும் ஆசீர்வாதமாகப் போய்விடுவதால் சதீஷ் கண்கலங்கியதோடு தப்பித்துவிடுகிறான். ரோசால்பாவின் புருஷனுக்குக் கிடைத்த தண்டனையில் கால்வாசிகூட இவனுக்கு இல்லை.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது கடைசிக் காட்சி. திரும்பும் விமானத்தில் சசி பணிப்பெண்ணிடம் சரளமான இங்கிலீஷில் கேட்பது, தன் பாஷையில் பேப்பர் இருக்கிறதா என்று. எல்லோரும் இதைத் தாய்மொழிப் பற்று என்று பாராட்டுவார்கள். எனக்கு அது முதல் காட்சியின் பேப்பர். ஆரம்பத்தில் படிக்க விடாத பேப்பரை இப்போது கேட்டு வாங்குகிறாள்.

ஸ்ரீதேவி நடித்ததும் ஒரு ஈடுதான். சிவகாசிக்குப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்தவர். இங்கிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போனால் வரும் ஊர், எங்கள் பக்கத்துப் பிள்ளை மாதிரிதான். 1969-ல் 'துணைவன்' படத்தில் குழந்தை முருகன். 1977-ல் '16 வயதினிலே' மயில். பிறகு இந்திக்குப் போனபோது பாஷை சரளமில்லை. ஆரம்ப இந்திப் படங்கள் பலவற்றில் அவருக்கு வேறு பெண்கள் குரல் கொடுத்தார்கள். 1986-ல் வந்த 'ஆக்ரி ராஸ்தா'வில் குரல் ரேகாவுடையது. 1989-ல் 'சாந்தினி'யில்தான் சொந்தக் குரலில் இந்தி பேசினார். அதற்குள் அவர் அங்கே பெரிய நட்சத்திரமாகியிருந்தார். பாஷை வராமலேயே கண்ணாலும் கையாலும் ஒரு தேசத்தைப் பார்க்கவைத்தவர் சசியாக வரும்போது, திரைக்கதை சொல்லாமல் விட்டதை அந்த முகம் சொல்லிவிடுகிறது.

அம்மாவும் ஒரு கடிதமும்

கௌரி ஷிண்டேயின் அம்மா புனேயில் ஊறுகாய் வியாபாரம் செய்தவர், இங்கிலீஷ் சரளமாக வராதவர். சின்ன வயதில் அதற்காக வெட்கப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கும் விதமாக இந்தப் படத்தை எடுத்ததாக இயக்குநர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதனால் நானும் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் கல்யாணம், தீபாவளி என்றால் முந்திரிக்கொத்துக்கு அம்மாவிடம்தான் வருவார்கள். வெளியூர்க்காரர்களுக்காக: முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. வறுத்த பாசிப்பயறு, வெல்லப்பாகு, தேங்காய், எள் சேர்த்து உருண்டை பிடித்து, மாவில் முக்கி, கொத்துக் கொத்தாக எண்ணெயில் போட்டு எடுப்பது. என் இன்ஜினியரிங் பீஸில் ஒரு பகுதி அந்த எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்தது.

2011-ல் நான் நியூஜெர்சியில் இருந்தேன். குழந்தை பிறந்த நேரம், அம்மா தனியாகத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, வளைகுடாவில் மாறி, நியூயார்க் வந்தாள். நான் பொறுப்பான பிள்ளையாக இங்கிலீஷில் ஒரு கடிதம் தட்டி, மெயிலில் அனுப்பி, தென்காசியில் பிரிண்ட் எடுக்கச் சொல்லி அவள் கையில் கொடுக்கவைத்தேன். முதல் வரி இது: என் தாயாருக்கு இங்கிலீஷ் தெரியாது, தயவுசெய்து உதவுங்கள். அதன் கீழே என் பெயர், என் கம்பெனி, என் வேலை, என் போன் நம்பர். கடிதம் பக்காவாக இருந்ததாக எனக்குப் பெருமை.

சாரல் நாளில் படம் முடிந்தபிறகு அம்மா அந்தக் கடிதத்தைப் பற்றி முதல்தடவையாகப் பேசினாள். பக்கத்து சீட்டில் ஒரு மலையாளி நர்ஸம்மா. அம்மா கடிதத்தைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா அரைகுறைத் தமிழில் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு என்ன தெரியாதுன்னு எழுதிருந்தே. பொறவு ஒனக்கு என்னல்லாம் தெரியும்னு எழுதிருந்தே. எனக்கு என்ன தெரியும்னு ஒரு வரி இல்லையேய்யா. அந்த நர்சுதான் கேட்டா, அம்மா என்ன செய்வீங்கன்னு. ரெண்டு கொத்து எடுத்துக் குடுத்தேன். பொறவு எறங்குத வரைக்கும் என்னைய விடல."

கேலியாகத்தான் சொன்னாள். வருத்தமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

இனி லட்டுக்கு வருகிறேன். கல்யாண நாள் காலையில் சாகரின் விளையாட்டால் சசி செய்த லட்டெல்லாம் கீழே விழுகிறது. கடையில் வாங்கிக்கொள்ளலாம், பரீட்சைக்குப் போ என்கிறாள் ராதா. சசி மறுத்து, மறுபடி உட்கார்ந்து லட்டு பிடிக்கிறாள். பரீட்சை போகிறது. நான் இதை எப்போதும் தோல்வியாகத்தான் படித்தேன். கடைசியில் அடுப்படிதானே ஜெயித்தது, இயக்குநர் பயந்துவிட்டார் என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன்.

"ஏம்மா அங்க சிரிச்சே?" என்று கேட்டேன்.

"பின்ன என்ன செய்ய? எனக்கே ஆயிருக்குல்லா, வடக்குத்தெருக் கல்யாணத்துல பாகு முறிஞ்சுபோயி அம்புட்டும் வீணாப்போச்சு. ராத்திரியோட ராத்திரியா மறுபடி கிண்டுனேன். அவ பேரு சொல்லி வைக்கப்போற பலகாரத்துல கடைச்சரக்கக் கொண்டாந்து வச்சா அவளுக்குப் பேரு என்ன ஆவும்? நீ ஆபீஸ்ல செஞ்சது கெட்டுப்போனா லீவு போட்டுட்டுப் பரிச்சைக்கா போவே?"

ரிலீஸ் நாளில் புரொடக்‌ஷன் விழுந்தால் நான் என் தங்கச்சி கல்யாணத்திலிருந்தே எழுந்து போனவன். அதை எல்லோரும் கடமை உணர்ச்சி, தொழில் பக்தி என்றுதான் சொன்னார்கள். சசி அதையே செய்தபோது நான் அடுப்படி என்று படித்தேன். சதீஷ் சொன்ன வாக்கியத்தைத்தான் நானும் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் காட்சியில் ஜெயித்தது அடுப்படி இல்லை, ஆன்ட்ரப்ரனர். அது அம்மாவுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்தது.

கடைசிப் பேச்சைப் பற்றிய என் சண்டை அப்படியே இருக்கிறது. லட்டைப் பற்றியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் அம்மா பெங்களூருக்குத் தங்கச்சி வீட்டுக்குத் தனியாக ரயிலில் போகிறாள். கடிதம் ஏதும் வேண்டாம் என்றுவிட்டாள். டப்பா மட்டும் பெரிதாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.